வீட்டை இடிப்பதற்கு முன் நான்கு மாதம்

நங்கநல்லூர் வீட்டை பில்டரிடம் கொடுப்பது என்று முடிவானபோது ஆவணி மாதம். மார்கழியில் வீடு மாற மாட்டோம், பொங்கல் முடிந்ததும் காலி செய்து தருகிறோம் என்று பேசிக்கொண்டோம். என் மாமனார் 1978-இல் கட்டிய வீடு. கட்டடத்துக்காக யாரும் பெரிதாக வருத்தப்படவில்லை, ஒவ்வொரு மழைக்கும் இரண்டு அறை ஒழுகும். அத்தைக்குக் கவலையெல்லாம் பின்பக்கம்தான். ஒரு மாமரம், கறிவேப்பிலை, எலுமிச்சை, முருங்கை, குண்டுமல்லிப் பந்தல், ஒற்றை அடுக்குச் செம்பருத்தி, பவளமல்லி, நந்தியாவட்டை, கிணற்றடியில் வெற்றிலைக் கொடி. "கட்டில் பீரோ எல்லாம் லாரியில ஏத்திடுவீங்க. இதை எதுல ஏத்துவீங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில் நான் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். இருபது வருடம் அந்தச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன், பூப் பறித்திருக்கிறேன். ஆனால் எந்தச் செடியையும் உற்றுப் பார்த்ததில்லை என்பது அந்த நான்கு மாதத்தில்தான் புரிந்தது.

முதலில் செய்த தவறு கறிவேப்பிலையில். பத்துப் பன்னிரண்டு கொத்துகளை ஈர்க்கோடு ஒடித்து, பேப்பர் கப்பில் மண் போட்டு நட்டு வைத்தேன். இரண்டு வாரம் பச்சையாகவே நின்றன. பிழைத்துவிட்டன என்று சந்தோஷப்பட்டேன். மூன்றாவது வாரம் எல்லாம் கறுத்துச் சாய்ந்தன. செய்யாற்றில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த அத்தை திரும்பி வந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, இலையை நட்டா மரம் வருமா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. நான் நட்டது குச்சியைத்தானே? அவர் மரத்தடிக்குக் கூட்டிப் போய்க் காட்டினார். நாம் கடையில் வாங்கும் கறிவேப்பிலை ஈர்க்கு ஒரு கிளை இல்லை, அது மொத்தமும் ஒரே இலை. நாம் உருவிப் போடுகிறோமே, அந்தச் சின்னச் சின்ன இலைகள் அந்த ஒரே இலையின் துண்டுகள். எப்படித் தெரிந்துகொள்வது என்றால், மொட்டைத் தேட வேண்டும். கிளையில் இலை சேரும் இடம் கணு. அந்த இடுக்கில் ஊசி முனை அளவுக்கு ஒரு மொட்டு இருக்கும். கறிவேப்பிலையில் ஈர்க்கு கிளையோடு சேரும் இடத்தில் அந்த மொட்டு இருக்கிறது. ஈர்க்கின் மேல் சின்ன இலைகள் ஒட்டியிருக்கும் இடம் ஒன்றில்கூட இல்லை. மொட்டு இல்லாத இடத்திலிருந்து புதுத் துளிர் எங்கே வரும்?

மணி பிளான்ட்டும் அப்படித்தான். வெறும் இலையைக் காம்போடு தண்ணீரில் போட்டால் வேர்கூட விடலாம், ஆனால் கொடி ஆகாது. பழுப்பாகப் புடைத்த கணு ஒன்று கூடவே இருந்தால்தான் அது செடியாகும்.

அந்த மழைக்காலத்திலேயே இதே பார்வை இன்னொரு விஷயத்துக்கு உதவியது. பக்கத்து வீட்டில் ஒருவருக்கு மஞ்சள் காமாலை. டாக்டரிடம் காட்டிக்கொண்டிருந்தார்கள், கூடவே கீழாநெல்லியும் கொடுக்கலாம் என்று அந்த வீட்டம்மா கேட்டு வந்தார். புரட்டாசியில் நல்ல மழை பெய்திருந்ததால் காம்பவுண்டு ஓரம் முழுக்கக் களை. நான் ஒரு கைப்பிடி பிடுங்கிக் கொடுத்துவிட்டேன். அவர் வாசலைத் தாண்டுவதற்குள் அத்தை கூப்பிட்டு நிறுத்தினார். ஒரு தண்டை ஒடித்தார். ஒடித்த இடத்தில் வெள்ளையாக ஒரு சொட்டுப் பால். "பால் வருது பாரு. கீழாநெல்லியில பால் வராது. இது அம்மான் பச்சரிசி ஜாதி" என்றார். மருந்து என்று ஒருவர் சாப்பிடப் போவதை நான் மாற்றிக் கொடுத்திருந்தேன். இப்போது நினைத்தாலும் மனம் பதறுகிறது.

அப்புறம் அவரே உண்மையான கீழாநெல்லியைத் தேடிப் பிடுங்கி, இலைக் கொத்தைத் திருப்பிக் காட்டினார். அடிப்பக்கம் வரிசையாகக் கடுகு போலப் பச்சைக் காய்கள் தொங்கின. பார்வைக்குக் கறிவேப்பிலை ஈர்க்கு மாதிரியேதான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு சிறு இலையின் அடியிலும் காய் வைத்திருக்கிறது. இலையின் துண்டுக்குக் கீழே காய் வராது, கணுவில்தான் வரும். அப்படியென்றால் கீழாநெல்லியில் கொத்து மாதிரி தெரிவது ஒரு சிறு கிளை, கறிவேப்பிலையில் கொத்து மாதிரி தெரிவது ஒரு இலை. இந்த வித்தியாசம் கண்ணில் பட்ட அன்றிலிருந்து எந்தச் செடியைப் பார்த்தாலும் முதலில் கணுவைத்தான் பார்க்கிறேன். செடியை அடையாளம் காணவும் அதைப் பெருக்கவும் ஒரே இடத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

செல்போனில் படம் எடுத்தால் பெயர் சொல்லும் செயலிகள் இருக்கின்றன. நானும் வைத்திருக்கிறேன். தோட்டப் பூச்செடிகளுக்கு நன்றாகவே சொல்கிறது. ஆனால் பூக்காத களையை, இலையை மட்டும் காட்டினால் ஒவ்வொரு முறையும் ஒரு பெயர் சொல்லும். பூவும் காயும் தெரிகிற மாதிரி எடுத்த படத்துக்கு வரும் பதில் பரவாயில்லை. அப்போதும் வாயில் வைக்கப் போகிற செடி என்றால் தெரிந்த ஒருவர் நேரில் பார்த்தே ஆக வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

அத்தை செடியைப் பார்க்கும் முறையை எழுதி வைத்துக்கொண்டேன். முதலில் இலையைக் கசக்கி முகர்வார். அப்புறம் தண்டை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டுவார். உருளாமல் நான்கு பட்டையாகத் தடுக்கினால், இலைகளும் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே இருந்தால், வாசனையும் இருந்தால், அது துளசி வகையாக இருக்கும். துளசி, புதினா, திருநீற்றுப்பச்சிலை எல்லாவற்றுக்கும் சதுரத் தண்டு. பவளமல்லிக்கும் சதுரத் தண்டுதான், ஆனால் அதன் இலை உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும், அங்கே பிரிந்துவிடும். அரளி என்றால் கணுவுக்கு மூன்று இலை. கறிவேப்பிலைக் கன்றா, வேப்பங்கன்றா என்று சந்தேகம் வந்தால் முகரக்கூட வேண்டாம். வேம்பின் இலை ஓரம் ரம்பப் பல் மாதிரி வெட்டி வெட்டி இருக்கும். பால் வருகிற செடி எதுவானாலும் கையைக் கழுவாமல் கண்ணைத் தொடக்கூடாது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து.

வேலியில் படர்ந்திருந்த முசுமுசுக்கையும் அப்போதுதான் எனக்கு அறிமுகம். இலையைத் தொட்டாலே முள் தேய்த்த மாதிரி இருக்கும். அரிசியோடு அரைத்து அடை சுட்டால் சளிக்கு நல்லது என்று அத்தை வருடா வருடம் செய்து கொடுத்ததுதான், ஆனால் அது எங்கள் வேலியிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. பின்னால் படித்தபோது இன்னொன்று தெரிந்தது. 1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் அதற்கு வைத்த அறிவியல் பெயரிலேயே மதராஸ்பட்டணம் இருக்கிறது, 'மதராஸ்பட்டானஸ்' என்று. கீழாநெல்லியின் உறவான மேலாநெல்லிக்கும் அப்படித்தான், 'மதராஸ்பட்டென்சிஸ்'. இந்த ஊரின் பெயரைத் தாங்கிய செடிகளை நாம் களை என்று வெட்டிப் போடுகிறோம். சிவந்து பழுத்த முசுமுசுக்கைப் பழங்கள் நாலைந்தைக் காய வைத்து எடுத்து வைத்துக்கொண்டேன்.

சரி, இனி ஒவ்வொன்றையும் எப்படிக் கிளப்பினோம் என்பதற்கு வருகிறேன்.

கறிவேப்பிலைக்கு இரண்டு வழி. பழுத்துக் கறுத்த பழம் கிடைத்தால் சதையைப் பிதுக்கிக் கழுவி, விதையைக் காய வைக்காமல் அந்த வாரமே விதைக்க வேண்டும். நாள் கடந்தால் முளைக்காது. ஒரு சிலர் பழத்தைக் காய வைத்து டப்பாவில் சேர்த்துவைத்துக் கொடுக்கிறார்கள், அது வீண். எங்களுக்குப் பழக் காலம் முடிந்துவிட்டது, அதனால் வேர்க்கன்று. பெரிய கறிவேப்பிலை மரத்தைச் சுற்றி இரண்டு மூன்று அடி தள்ளித் தானாகக் கிளம்பியிருக்கும் கன்றுகள் தாய்மரத்தின் வேரிலிருந்து வந்தவை. உடனே பிடுங்கினால் அதற்குச் சொந்த வேர் போதாமல் வாடிவிடும். அத்தை சொன்னபடி, கன்றுக்கும் மரத்துக்கும் நடுவில் கடப்பாரையை இறக்கி இணைப்பு வேரை மட்டும் வெட்டிவிட்டு, கன்றை அதே இடத்தில் விட்டுவிட்டோம். ஒரு மாதம் அது தன் காலில் நிற்கப் பழகியது. அப்புறம் மண்ணோடு பெயர்த்துப் பையில் வைத்தோம். மூன்று எடுத்ததில் மூன்றும் பிழைத்தன.

செம்பருத்தி சுலபம். பென்சில் பருமனுக்கு, ஒரு சாண் நீளத்துக்கு, நான்கு கணு இருக்கிற மாதிரிக் குச்சி. அடியில் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்ட வேண்டும், மேலே நேராக. எது தலை எது கால் என்று மறக்காமல் இருக்க இது உதவும், தலைகீழாக நட்டால் வராது. உச்சியில் இரண்டு இலையை மட்டும் விட்டு, அதையும் பாதியாகக் கத்தரித்துவிட வேண்டும். இரண்டு கணு மண்ணுக்குள். நிழலில் வைத்து, மண் ஈரம் போகாமல், ஆனால் சொதசொதவென்றும் ஆகாமல் பார்த்துக்கொண்டால் ஐந்து ஆறு வாரத்தில் வேர். முதலில் துளிர் வந்ததுமே வேர் வந்துவிட்டது என்று நினைக்கக்கூடாது. குச்சியில் சேர்ந்திருக்கும் சத்தைக் கொண்டே அது துளிர்க்கும். நானும் துளிரைப் பார்த்துவிட்டு இழுத்துப் பார்த்தேன், கையோடு வந்துவிட்டது. அப்போதுதான் விடத் தொடங்கியிருந்த வேர் நுனிகள் வெள்ளை வெள்ளையாக ஒடிந்திருந்தன. இழுக்காதீர்கள். பையின் அடி ஓட்டையில் வேர் எட்டிப் பார்க்கும் வரை பொறுங்கள்.

இன்னொன்று, சென்னையில் செம்பருத்தி என்றாலே மாவுப்பூச்சி. குச்சி எடுக்கும்போதே நுனி சுருண்டிருக்கிற, வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கிற கிளையைத் தொடாதீர்கள். நல்ல கிளையாகப் பார்த்தாலும் சோப்புத் தண்ணீரில் ஒருமுறை முக்கி எடுத்து நடுவது நல்லது. ஏற்கெனவே வந்துவிட்டால் முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சியடித்து உதிர்க்க வேண்டும், அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்கு நாலு சொட்டு சோப்புத் திரவம், சாயங்கால வேளையில். எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள், எறும்பு இருந்தால் மாவுப்பூச்சி திரும்ப வரும்.

குச்சி நடுவதற்கு வேர் ஊக்கி மருந்து தேவையா என்று பலர் கேட்கிறார்கள். செம்பருத்தி, நந்தியாவட்டை, வெற்றிலை, கற்பூரவல்லி எதற்கும் நான் போட்டதில்லை. கற்றாழைச் சோற்றைத் தடவியும் பார்த்தேன், தடவாமலும் பார்த்தேன், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. சரியான மாதத்தில் நடுவதுதான் முக்கியம். ஐப்பசி கார்த்திகைக் காற்றின் ஈரம் எந்த மருந்தும் செய்யாததைச் செய்யும். அந்த மாதங்களில் குச்சி காய்வதில்லை, அழுகத்தான் செய்யும். அதனால் கலவையில் மண்ணைக் குறைத்துத் தேங்காய் நார்த்தூளையும் மணலையும் கூட்டினேன். நார்த்தூளை இரண்டு மூன்று முறை தண்ணீரில் ஊற வைத்துப் பிழிந்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும், அதில் உப்பு இருக்கும்.

கத்திரி வெயில் காலத்தில் மட்டும் இந்த வேலை எதையும் தொடாதீர்கள். இருப்பதைக் காப்பாற்றினாலே போதும்.

எனக்கு மிகவும் பிடித்துப்போனது குண்டுமல்லிக்குச் செய்த பதியம், அதாவது கிளையைத் தாய்ச்செடியிலிருந்து வெட்டாமலே மண்ணில் புதைத்து வேர்விட வைப்பது. அத்தை கல்யாணமாகி வந்தபோது அவர் அம்மா கொடுத்தனுப்பிய கொடியின் வம்சம் அது. குச்சி நட்டாலும் வரும், ஆனால் அதில் ஒரு நிச்சயமின்மை இருக்கிறது. பதியத்தில் தாய்ச்செடி கடைசி வரை பால் கொடுத்துக்கொண்டே இருக்கும், அதனால் இழப்பு குறைவு. புரட்டாசிக் கடைசியில் தொடங்கினோம். தரைக்குப் பக்கத்தில் நீளமாக வளைகிற கிளையாக மூன்று தேர்ந்தெடுத்தோம். முற்றிய பழுப்பும் வேண்டாம், இளம் பச்சையும் வேண்டாம், நடுத்தரம். மண்ணுக்குள் போகப் போகும் கணுவுக்கு அடியில் பிளேடால் ஒரு விரற்கடை நீளத்துக்கு மேல்தோலை மட்டும் சீவினார் அத்தை. பச்சைத் தோல் போய் உள்ளே வெளுத்த மரம் ஈரமாகத் தெரிந்தது. "இவ்வளவுதான், இதுக்கு மேல ஆழம் போகக் கூடாது" என்றார். தரையில் புதைக்காமல், பக்கத்தில் ஒரு சின்னப் பையில் கலவை நிரப்பி வைத்து அதற்குள்ளேயே வளைத்து இறக்கினோம். பின்னால் தோண்டி எடுக்கும் தொல்லை இல்லை பாருங்கள். சீவிய இடம் நான்கு விரல் ஆழத்தில் இருக்க, கிளை எம்பாமல் மேலே ஒரு செங்கல். நுனி மட்டும் ஒரு முழம் வெளியே.

மழை பெய்தபோது தண்ணீர் வடிகிறதா என்று பார்ப்பேன், மழை விட்ட நாட்களில் ஒரு கை தண்ணீர். இரண்டரை மாதம் அவ்வளவுதான் வேலை. மார்கழி நடுவில் தாய்க்கொடிப் பக்கம் பாதி வரை வெட்டிவிட்டு ஒரு வாரம் விட்டோம். இலை வாடவில்லை. அப்புறம் முழுவதுமாக வெட்டினோம். அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு அத்தை வீட்டுக்குள் போனதைப் பார்க்க வேண்டும், குழந்தையைத் தூக்கிப் போகிற மாதிரி இரண்டு கையாலும் அணைத்து.

எலுமிச்சைக்கு வளைகிற கிளை கிடையாது, அதனால் விண்பதியம், கிளை மரத்தில் இருக்கும்போதே அங்கேயே வேர்விட வைப்பது. கட்டைவிரலைவிடச் சற்று மெல்லிய கிளையில், ஓர் அங்குல அகலத்துக்கு வளையமாகப் பட்டையை உரித்து எடுக்க வேண்டும். உரித்தபின் வழவழவென்று ஒரு படலம் மரத்தின் மேல் இருக்கும். அதைக் கத்தி முதுகால் நன்றாகச் சுரண்டிவிட வேண்டும். முதல் இரண்டில் நான் அதைச் சுரண்டவில்லை. ஒன்றரை மாதம் கழித்துப் பிரித்தால் மேல்பட்டையும் கீழ்ப்பட்டையும் சேர்ந்து ஆறிப்போயிருந்தன, ஒரு வேர்கூட இல்லை. சுரண்டிச் செய்த அடுத்த இரண்டும் வேர்விட்டன. உரித்த இடத்தைச் சுற்றி ஈரமான நார்த்தூளை ஒரு கைப்பிடி வைத்து, உள்ளே தெரிகிற மாதிரி கண்ணாடி பாலிதீன் சுற்றி, இரண்டு பக்கமும் கட்ட வேண்டும். மழைக்காலத்தில் மேல் கட்டு இறுக்கமாக இல்லையென்றால் தண்ணீர் இறங்கி உள்ளே அழுகும். இரண்டு மாதத்தில் பாலிதீனுக்குள் வெள்ளை வேர் ஓடுவது தெரியும், அது சற்றுப் பழுப்பாகும் வரை காத்திருந்து, கட்டுக்குக் கீழே வெட்டிப் பையில் வைத்தோம். பாதி இலையைக் கிள்ளிவிட்டு, மூன்று வாரம் நிழலில். விதையிலிருந்து வந்த எலுமிச்சை காய்க்கப் பல வருடம் ஆகும். இது இரண்டாவது வருடமே பூ வைத்தது.

எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் இலைமேல் காக்கை எச்சம் மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் குச்சியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு மாதிரி ஒன்றை நீட்டி ஒரு நெடியை விடும். வண்ணத்துப்பூச்சியின் புழு அது. கொஞ்சம் வளர்ந்தால் பச்சையாகிவிடும். சின்னக் கன்றாக இருந்தால் ஒரே வாரத்தில் மொட்டையடித்துவிடும், அதனால் கன்றிலிருந்து எடுத்துப் பெரிய மரத்தில் விடுவேன். கொல்ல மனம் வராது.

முருங்கைக்குப் பெரிய வித்தை இல்லை. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயலில் தெருமுனையில் ஒடிந்து விழுந்த மரத்தின் கிளையை நட்டு வளர்த்ததுதான் எங்களுடையது. மூன்று நான்கு அடிக் கம்பு, மணிக்கட்டுப் பருமன், இரண்டு மூன்று நாள் நிழலில் போட்டு வெட்டு வாய் உலர்ந்தபின் நட வேண்டும். மேடவாக்கத்தில் மண் தரை உள்ள ஒரு தோழி வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம். முருங்கையைப் பால்கனியில் வைத்து அடக்கி வளர்ப்பதில் எனக்கு விருப்பமில்லை.

பவளமல்லிக்குக் கன்று மரத்தடியிலேயே இருந்தது. மழைக்கு வேம்பு, பப்பாளி, பெயர் தெரியாத களை என்று ஐம்பது நாற்றுகள் முளைத்திருந்த இடத்தில், இலையைத் தேய்த்துப் பார்த்து சொரசொரப்பு உள்ளதை மட்டும் எடுத்தேன். யாரையும் கேட்காமல் நானே கண்டுபிடித்த முதல் செடி அது.

அரளியை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டோம். அதன் எல்லாப் பகுதியும் நஞ்சு. வீட்டில் மூன்று வயதுக் குழந்தை, போகப் போவதோ மண் தரை இல்லாத ஒரு வாடகை வீட்டு பால்கனி. யாராவது செங்காந்தள் கிழங்கு தருகிறேன் என்றாலும் அப்படிப்பட்ட வீட்டில் வேண்டாம் என்றே சொல்வேன், நம் மாநிலப் பூ என்றாலும் கிழங்கு கொடிய விஷம்.

மாமரத்தைக் கொண்டுவர முடியவில்லை. விதைக் கன்று வளர்த்து, எங்கள் மரத்தின் குச்சியை அதில் ஒட்டுக் கட்டினால் அதே ருசி கிடைக்கும் என்று தெரியும். கொட்டையை நட்டால் அதே பழம் வரும் என்று சொல்ல முடியாது. மூன்று கன்றில் ஒட்டுக் கட்டினோம். எங்களுக்குக் கிடைத்தது அடைமழை மாதம், ஒட்டிய இடத்தில் தண்ணீர் இறங்கி மூன்றும் கறுத்துவிட்டன. ஆடியிலேயே தொடங்கியிருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும். தையில் மரம் முழுக்கப் பூ. அந்த வாசனையோடுதான் வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்தோம். வெட்டுகிற அன்று நாங்கள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

மடிப்பாக்கத்தில் வாடகை வீட்டு முதல் மாடி. இருபது மாதம். அங்கே செடிகளுக்கு வந்த பெரிய சோதனை தண்ணீர். போர் தண்ணீரில் அவ்வளவு உப்பு, பையின் ஓரமெல்லாம் வெள்ளை படியும். புதிதாக வாங்கி வைத்த இட்லிப்பூச் செடியில் இளம் இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. இரும்புச் சத்து மண்ணில் இருந்தும், உப்பும் சுண்ணாம்பும் ஏறிய மண்ணிலிருந்து செடியால் எடுத்துக்கொள்ள முடியாதபோது இப்படி ஆகும். உரத்தைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். நான் செய்தது, மழைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து வாரம் ஒருமுறை பை அடியில் வழிந்து ஓடும் அளவுக்கு ஊற்றியது. இரண்டு மாதத்தில் புதுத் துளிர் பச்சையாக வந்தது. ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து கழிந்து வரும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம். அரிசி கழுவிய தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் நல்லது.

ரோஜாவைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம், அதனால் ஒரு வார்த்தை. நர்சரியில் வாங்கும் ரோஜா பெரும்பாலும் இன்னொரு வேர்ச்செடியில் மொட்டு ஒட்டியது. ஒட்டிய முடிச்சுக்குக் கீழேயிருந்து வேகமாக ஒரு தண்டு கிளம்பி இலையும் வேறு மாதிரி இருந்தால், அது வேர்ச்செடியின் கிளை. பாசத்தில் வளர்த்தால் நீங்கள் வாங்கிய ரோஜா மெலிந்து போய்விடும், அடியோடு கிள்ளிவிடுங்கள். வேரைச் சுற்றியுள்ள செம்மண் உருண்டை கல்லாக இறுகியிருந்தால் ஒரு வாளித் தண்ணீரில் ஊற வைத்து இளக்கிவிட்டு நடுங்கள். அப்படியே வைத்தால் சுற்றிலும் ஈரம் இருக்கும், உருண்டைக்குள் மட்டும் தண்ணீர் இறங்காது.

அந்த நாட்களில் ஒருமுறை அத்தையைக் கதீட்ரல் சாலையில் உள்ள செம்மொழிப் பூங்காவுக்குக் கூட்டிப் போனேன். 2010-இல் திறந்தது, செடிகளுக்குப் பெயர்ப் பலகை வைத்திருக்கிறார்கள். நான் பலகையைப் படித்துவிட்டுச் செடியைப் பார்ப்பேன். அவர் பலகைப் பக்கமே திரும்பாமல் ஒவ்வொரு செடியிலும் கணு, தண்டு, இலையின் அடி என்று பார்த்துக்கொண்டே வந்தார். எனக்குப் பலகை வேண்டியிருக்கிறது. ஆனாலும் படிப்பதற்கு முன் நானாக ஒரு பெயர் சொல்லிப் பார்த்துவிட்டு அப்புறம் சரிபார்க்கப் பழகினேன். அடையாளம் காணக் கற்க விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

இப்போது பழைய இடத்திலேயே மூன்றாவது மாடி. மொட்டைமாடியில் எங்கள் பங்குக்கு ஓர் ஓரம் கொடுத்திருக்கிறார்கள். 20 லிட்டர் பை ஒன்று மண்ணும் ஈரமுமாக 25 கிலோவுக்கு மேல் இருக்கும் என்பதால் நடுவில் குவிக்காமல் சுவர் ஓரமாக, தண்ணீர் தேங்காதபடி தாங்கியின் மேல் வைத்திருக்கிறோம். கறிவேப்பிலை இடுப்பளவு வந்துவிட்டது. முசுமுசுக்கை கைப்பிடிக் கம்பியில் ஏறிவிட்டது. போன கார்த்திகைக் கடைசியில் மழை அடங்கியதும் மல்லியைப் பாதி உயரத்துக்குக் கவாத்து செய்தேன். கை நடுங்கியது, அத்தை பக்கத்தில் நின்று "வெட்டு, வெட்டு" என்றார். பங்குனியில் முதல் மொட்டுகள் வந்தன. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் படியேறி வந்து ஒவ்வொன்றாக எண்ணிப் பறித்தார். பதினேழு. சரமாகக் கட்டப் போதாது, சாமி படத்துக்கு வைத்தார். அப்புறம் பையின் அடியைக் குனிந்து பார்த்தார். ஓட்டை வழியாக வேர் வெளியே வந்திருந்தது.

"ஏம்மா, இதுக்கு இந்தப் பை பத்தாது. பெருசா ஒண்ணு வாங்கு. அந்தப் பக்கத்து வீட்டுப் பொண்ணும் ஒரு பதியம் கேட்டுக்கிட்டிருக்கா."